பழைய காரும் அதன் வெப்பமூட்டியும்

வெயிலும் வியர்வையுமாகக் காலங்கழிக்கும் நம் நாட்டிலே மோட்டார்க் காருக்கு வெப்பமூட்டி எதற்கு என்று உங்களிற் பலர் வினவக்கூடும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வாழ்பவர்க்கு அந்த வினா நியாயமானதே. ஆனால், கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில், தை மாதத்து விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெண்மையாகப் படிந்திருக்கும் வேளையிலே தம் பழைய காரை வெளியே எடுக்கும் ஒருவரிடம் இதே வினாவைக் கேட்டுப் பாருங்கள். குளிரைப் பற்றி அவர் பெரிதாகச் சொல்லமாட்டார். குளிருக்குக் கம்பளிச் சட்டை இருக்கிறது. கண்ணாடியைப் பற்றித்தான் முதலிற் சொல்வார்.

நான்கு பேர் ஏறி அமர்ந்து கதவுகளைச் சாத்திய காரினுள் அவர்களுடைய மூச்சிலே கலந்துள்ள நீராவி முழுவதும் தங்கிவிடுகிறது. வெளிக்குளிரால் முன்கண்ணாடி குளிர்ந்திருக்கிறது. குளிர்ந்த கண்ணாடியைத் தீண்டிய ஈரக்காற்று, தான் சுமந்த நீரை அங்கேயே நுண்டுளிகளாக இறக்கிவிடுகிறது. இது உட்புறத்தில் நிகழ்வதால் வெளியே ஓடும் துடைப்பானால் ஒரு பயனும் இல்லை. கையினால் துடைத்தால் ஒரு நிமிடம் தெரியும். மறு நிமிடம் மீண்டும் மறையும். இறம்பொடை வளைவுகளில், எதிரே கொழுந்து ஏற்றிய லொறி வரும்போது அந்த ஒரு நிமிடம் எத்தகையது என்பதை மலைநாட்டு நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடியின் அடியிலிருந்து வெதுவெதுப்பான உலர்ந்த காற்று எழுந்து படருமாயின், இரண்டு மூன்று நிமிடங்களில் அது தெளிந்துவிடும். அந்தக் காற்றைத் தருவதே வெப்பமூட்டியின் முதற்பணி என்பது என் கருத்து. கால்களுக்கு இதம் தருவது அதற்குப் பிற்பட்டது.

எடுத்துக்காட்டாக மொறிஸ் மைனர் காரை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு வீதிகளிலும் வீட்டு முற்றங்களிலும் இன்றும் உயிரோடு இருக்கும் பழைய கார்களுள் அது முன்னிற்பது. அதன் உடற்பகுதித் தகடுகளை இலங்கையிலே செய்வித்து இங்கிலாந்துக்கு அனுப்பும் முயற்சிகூட 1990-களில் நடைபெற்றது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இக்கார், 1948-ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை ஏறத்தாழ 16 இலட்சம் வண்டிகள் செய்யப்பட்டன.

முதலில் வந்த மைனர் வண்டிகளுக்கு நீர்ப்பம்பியே கிடையாது. சூடான நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்ற இயற்கை விதியை நம்பியே எஞ்சினைச் சுற்றி நீர் ஓடியது. உலைநீரிலே அரிசி மேலும் கீழுமாகச் சுழல்வதைக் கண்டவர்களுக்கு இது புதிதன்று. எஞ்சினைக் குளிர்விக்க அந்த மந்தமான ஓட்டம் போதும். ஆனால், காரினுள்ளே தனியாக வைத்த ஒரு பெட்டிக்குள் நீரைத் தள்ளிக்கொண்டுபோக அது போதாது. 1950-ஆம் ஆண்டளவிலே பம்பி பொருத்தப்பட்ட பின்னரே வெப்பமூட்டியும் வந்தது. அப்போதும், வேண்டியவர் தனியே விலை கொடுத்து வாங்கும் உறுப்பாகவே வந்தது. ஆகையால், நம் நாட்டிலே உள்ள பல மைனர்களில் அது ஒருபோதும் இருந்ததில்லை. இருந்த வண்டிகளிலும், 'இந்த ஊருக்கு இது எதற்கு?' என்று யாரோ ஒருவர் குழாய்களைக் கழற்றி முனைகளை அடைத்துவிட்டிருப்பதைக் காணலாம். பழைய வண்டி ஒன்றை வாங்கியவர், அதன் வெப்பமூட்டி வேலை செய்யவில்லை என்று கவலைப்படுமுன், அதற்கு நீர் போகிறதா என்பதையே முதலிற் பார்க்க வேண்டும்.

பம்பி வந்த பிறகுதான் வெப்பமூட்டி வந்தது என்ற இச்சிறு வரலாறு ஒரு பெரிய உண்மையைக் காட்டுகிறது. வெப்பமூட்டி தானாக எந்த வெப்பத்தையும் உண்டாக்குவதில்லை. எஞ்சினிலே எரியும் பெற்றோல் தரும் வெப்பத்தில் ஏறத்தாழக் காற்பங்கு மட்டுமே வண்டியை நகர்த்தும் வேலையாக மாறுகிறது. மிகுதியிலே ஒரு பெரும்பகுதி புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் வாங்கிச் சென்று ரேடியேற்றரிலே காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. வீணாகும் அந்த வெப்பத்தில் ஒரு சிறு பங்கை இடைவழியில் கடன் வாங்குவதே வெப்பமூட்டியின் தொழில். அப்பெட்டியினுள்ளே இருப்பது ஒரு சிறு ரேடியேற்றரும், அதன் ஊடாகக் காற்றை ஊதும் மின்விசிறியுமே. எனவே, உள்ளே குளிர்ந்த காற்று வருகிறது என்றால், 'எந்த உறுப்பு கெட்டது?' என்று கேட்பதைவிட, 'வெப்பம் எந்த இடம்வரை வந்து நின்றுவிட்டது?' என்று கேட்பதே பொருத்தம். அந்தக் கேள்விக்கு விடை கூற வேண்டியது உங்கள் கை. கையினால் தொட்டுப் பார்த்து விடை காணுமுன் எந்த உறுப்பையும் விலை கொடுத்து வாங்காதீர்கள்.

நீர் செல்லும் வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1952-ஆம் ஆண்டுக்குப் பின்னர் வந்த, மேல்வால்வு எஞ்சின் பூட்டிய மைனர்களைப் பற்றியே இது. பம்பி நீரை எஞ்சினுள் தள்ளுகிறது. நீர் சூடேறி, எஞ்சினின் தலைப்பகுதிக்கு ஏறுகிறது. தலையின் முன்பக்கத்திலே, ரேடியேற்றருக்குப் போகும் வாயிலில், வெப்பநிலைநிறுத்தி ஒன்று காவல் நிற்கிறது. மெக்கானிக்குகள் தெர்மோஸ்ராற் என்று சொல்வது இதைத்தான். தலையின் பின்பக்கத்திலே ஒரு சிறு வால்வு உண்டு. அதன் வழியாகச் சூடான நீர் ஒரு றப்பர்க் குழாயில் இறங்கி வெப்பமூட்டிக்குள் நுழைகிறது. வெப்பத்தை இழந்து இன்னொரு றப்பர்க் குழாயால் வெளிவந்து, ரேடியேற்றரின் கீழ்க்குழாயிலே சேர்ந்து, மீண்டும் பம்பிக்குப் போகிறது. இவ்வளவுதான்.

தொடுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேற்றரின் மூடியைத் திறக்கவே கூடாது. அந்த மூடி வெறும் மூடியன்று; நீரை அழுத்தத்தில் வைத்திருக்கும் வில் அதனுள் இருக்கிறது. திறந்த மாத்திரத்தில் அழுத்தம் நீங்க, நீர் கொதித்து முகத்திலே பாயும். விசிறியும் பட்டியும் ஓடும்போது சட்டைக் கையும் கழுத்துப்பட்டியும் அருகே போகலாகாது. எஞ்சினை ஓடவிட்டுச் செய்யும் சோதனை எதுவாயினும் திறந்த வெளியிலேயே நடைபெற வேண்டும். கதவடைத்த கார்க் கொட்டகையில் வேண்டாம். அதற்குக் காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன்.

இனிச் சோதனையைத் தொடங்குவோம். இரவு முழுவதும் நின்று குளிர்ந்திருக்கும் எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேற்றரின் மேற்குழாயிலே கையை வைத்துப் பாருங்கள். தெர்மோஸ்ராற் ஒழுங்காக இருந்தால் அக்குழாய் சில நிமிடங்கள் குளிர்ந்தே இருக்கும். பின்பு, கதவு திறந்தாற்போலத் திடீரெனச் சூடாகும். அவ்வாறின்றி, ஓடத் தொடங்கியதிலிருந்தே குழாய் மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகி, வெதுவெதுப்போடு நின்றுவிட்டால் தெர்மோஸ்ராற் திறந்தபடியே பழுதாகியிருக்கிறது. அல்லது அங்கே இல்லவேயில்லை.

இல்லாமலே போவது நம் நாட்டிலே மிகச் சாதாரணம். 'வெப்ப நாட்டுக்கு இது வேண்டாம். எஞ்சின் சூடேறிவிடும்' என்று சொல்லி அதைக் கழற்றி எறிவது பல கராஜ்களில் வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. மலைநாட்டுப் பாடசாலை ஒன்றிலே என்னோடு கடமையாற்றிய ஆசிரியர் ஒருவருடைய மைனரிலே, காலையில் கண்ணாடி தெளிவதே இல்லை. ஒரு கராஜிலே அவருக்கு விசிறி மோட்டாரை மாற்றிக் கொடுத்தார்கள். காற்று பலமாக வந்தது, குளிராகவே வந்தது. அடுத்த மாதம் பெட்டியினுள்ளிருந்த சிறு ரேடியேற்றரையும் மாற்றினார்கள். அப்போதும் குளிரே. இறுதியில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் மேற்குழாயை இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, மூடியிருந்த உறையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வெறும் துவாரம். இரண்டு மாதச் சம்பளத்தில் ஒரு கணிசமான பகுதி போன பின்பு, மிக மலிவான ஓர் உறுப்பு அதைச் சரிசெய்தது.

தெர்மோஸ்ராற்றைக் கழற்றினால் வெப்பமூட்டி மட்டுமா கெடுகிறது? எஞ்சின் தனக்குரிய வெப்பநிலையை அடையாமலே ஓடுகிறது. குளிர்ந்த எஞ்சினிலே பெற்றோல் சரிவர ஆவியாகாது, செலவு கூடும். எரியாத பெற்றோல் உருளைச்சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், தேய்மானம் கூடும். வெப்ப நாடுகளுக்கென்று 74 பாகை செல்சியசிலே திறக்கும் தெர்மோஸ்ராற் தனியாகவே உண்டு. பொதுவானது 82 பாகை. கடுங்குளிர் நாடுகளுக்கு 88. கொழும்புக்கு 74 போதும். மலைநாட்டில் வாழ்பவர் 82 பாகையினதை இடுவது நன்று. எதையுமே இடாமல் விடுவதற்கு நான் அறிந்தவரையில் ஒரு நியாயமும் இல்லை. எஞ்சின் உண்மையிலேயே அளவுக்கு மீறிச் சூடேறுமாயின் அடைபட்ட ரேடியேற்றரையோ, தளர்ந்த பட்டியையோ தேடிப் பிடிக்க வேண்டுமேயன்றிக் காவற்காரனை வேலையிலிருந்து நீக்குவது பரிகாரமாகாது.

தெர்மோஸ்ராற்றைச் சோதிக்கப் பாடசாலை ஆய்வுகூடம் வேண்டாம், சமையலறை போதும். ஒரு பாத்திரத்து நீரில் அதை நூலால் கட்டி, அடியைத் தொடாமல் தொங்கவிடுங்கள். பக்கத்திலே ஒரு வெப்பமானியையும் தொங்கவிட்டு அடுப்பை மூட்டுங்கள். அதன்மேற் பொறித்த பாகையை அண்டியதும் திறக்கத் தொடங்கி, மேலும் பத்துப் பன்னிரண்டு பாகை ஏறும்போது முழுதும் திறக்க வேண்டும். நுவரெலியாவிலே செய்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவாதலால் நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். 88 பாகைக்குரியது முழுதும் திறப்பதை அங்கே அடுப்பின்மேல் காண்பது அரிது. நான் கலைப் பட்டதாரியே. பௌதிகம் கற்பித்தவன் அல்லேன். ஆயினும், இந்த ஒரு செய்தியை மாணவருக்குச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் முகத்திலே தோன்றும் வியப்பைக் கண்டு மகிழ்ந்திருக்கிறேன். ரேடியேற்றர் மூடியின் வில் வலுவிழந்தால் மலையேறும் கார் ஏன் விரைவிலே கொதிக்கிறது என்பதற்கும் இதுவே காரணம். சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்கும் நல்ல மூடியொன்று கொதிநிலையைப் பத்துப் பாகைக்கும் மேலாக உயர்த்திக் கொடுக்கிறது.

எஞ்சின் நன்றாகச் சூடேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வெப்பமூட்டிக்குப் போகும் குழாயையும், அதிலிருந்து திரும்பும் குழாயையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் நீர்ப்பக்கத்தில் குறையில்லை. காற்றுப்பக்கத்தை ஆராய வேண்டும். போகும் குழாய் சூடாகவும் திரும்பும் குழாய் குளிராகவும் இருந்தால் சிறு ரேடியேற்றரினுள்ளே நீர் நின்றுவிட்டது. அங்கே காற்று சிக்கியிருக்கலாம். அல்லது துரு அடைத்திருக்கலாம். இரண்டுமே குளிராக இருந்தால் நீர் எஞ்சினைவிட்டே புறப்படவில்லை. பின்பக்கத்து வால்வைப் பாருங்கள்.

இந்த வால்வு பெரும்பாலான மைனர்களிலே பொனற்றைத் திறந்து கையினால் திருப்ப வேண்டியது. கோடையில் மூடி, மாரியில் திறப்பது ஆங்கிலேயர் வழக்கம். நம்மூரிலே பல வருடங்கள் மூடியே கிடந்து இறுகிவிடும். இடுக்கியால் பலவந்தமாகத் திருகினால் தண்டு முறியும். துரு இளக்கும் எண்ணெயை இட்டு ஓர் இரவு விட்டுப் பாருங்கள். திறந்தும் நீர் வராவிட்டால், எஞ்சின் குளிர்ந்தபின் நீரை வடித்துவிட்டு வால்வைக் கழற்ற வேண்டும். எஞ்சினின் பின்கோடி நீரோட்டம் மிகக் குறைந்த மூலையாதலால் துருச்சேறு அங்கே வந்து தங்கும். வால்வின் ஒடுங்கிய துவாரத்தை அது களிமண்போல அடைத்திருப்பதைக் காண்பீர்கள். ஒரு கம்பியால் கிளறி எடுத்தால் போதும். மீண்டும் பூட்டும்போது புதிய காஸ்கற் இடுங்கள். பழையதை எவ்வளவு பக்குவமாகக் கழற்றினாலும் அது கசியும்.

சிறு ரேடியேற்றர் அடைபட்டிருந்தால் இரண்டு குழாய்களையும் அதிலிருந்து கழற்றிக் கழுவ வேண்டும். இங்கே பொறுமை மிக அவசியம். பல வருடங்களாகப் பிடித்துக்கொண்ட றப்பர்க் குழாயை முறுக்கி இழுத்தால், மெல்லிய பித்தளை முனை கையோடு வந்துவிடும். குழாயைக் கத்தியால் நீளவாக்கிலே கீறி உரித்தெடுங்கள். றப்பர்க் குழாய் புதிதாக வாங்கலாம், பித்தளை முனையை அவ்வாறு வாங்க முடியாது. பிறகு, வழக்கமாக நீர் வெளிவரும் முனையிலே தோட்டக்குழாயைச் செருகி, எதிர்த்திசையாக மெல்ல நீரைச் செலுத்துங்கள். தேநீர் நிறத்திலே வரும் நீர் தெளியும்வரை விடுங்கள். அழுத்தக் காற்றைப் பாய்ச்சுதலும், ஐதரோகுளோரிக்கமிலம் ஊற்றுதலும் வேண்டாம். செம்பும் பித்தளையும் ஈயப்பற்றினாலே இணைந்துள்ள நொய்ந்த பொருள் அது. அடைப்பு நீங்குமுன் பற்று நீங்கிவிடும்.

ஒழுக்கு இருக்கிறதா என்பதை அறிய வேறு வழி உண்டு. காலடி விரிப்பு ஈரமாகவும், காரினுள்ளே இனிப்பான ஒரு வாடையும், கண்ணாடியிலே எண்ணெய்ப் பசையான மூட்டமும் காணப்பட்டால் ஒழுக்கு உண்டென்று கொள்ளலாம். பெட்டியிலிருந்து சிறு ரேடியேற்றரைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, மறுமுனையிலே சைக்கிள் பம்பினால் சிறிது காற்றேற்றி, நீர்த்தொட்டியிலே அமிழ்த்துங்கள். குமிழி எழும் இடமே ஓட்டை. ரேடியேற்றர் பற்றவைப்பவரிடம் அந்த இடத்தைக் காட்டினால் அவர் வேலை எளிதாகும். இதற்கு மாறாக, ஒழுக்கை நிறுத்தும் தூள் என்று கடையிலே விற்பதை நீரிற் கலப்போரும், மஞ்சள் தூளை அள்ளி இடுவோரும் உளர். வழிநடுவிலே நின்றுவிட்ட வண்டியை வீடு சேர்க்க அது உதவலாம். ஆனால், ஓட்டையை அடைக்கும் பொருள் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைப்பதில்லை. ஒடுங்கிய வழி எங்கெங்கே உண்டோ அங்கெல்லாம் படியும். காரிலே மிக ஒடுங்கிய நீர்வழி வெப்பமூட்டியினுடையதே.

இத்துருச்சேறு எங்கிருந்து வருகிறது? வெறும் கிணற்று நீரை ஊற்றி வருவதால் வருகிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்து நீரிலே கேற்றில் எவ்வாறு வெள்ளைப்படை பிடிக்கிறதோ அவ்வாறே எஞ்சினுள்ளும் பிடிக்கும். வடித்த நீரிலோ தூய மழைநீரிலோ, துருவைத் தடுக்கும் மருந்து சேர்ந்த எதிலீன் கிளைக்கோலைக் கலந்து ஊற்றுவதே முறை. இது உறைபனிக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். எஞ்சினின் இரும்பைக் காப்பதே நமக்கு இதன் பெரும்பயன். மெய்யான உறைபனி உள்ள இடத்திலே இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சினின் வடிகுழாய்களைத் திறந்தாலும் வெப்பமூட்டியினுள் உள்ள நீர் முழுவதும் வடியாது. அது உறைந்தால் குழல்கள் வெடிக்கும். ஆனால், எதிலீன் கிளைக்கோல் கொடிய நஞ்சு, சுவையோ இனிப்பு. வடித்த நீரைச் சட்டியிலே திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். முற்றத்துக் குழந்தையும் வீட்டு நாயும் அதை அறியமாட்டா.

வேலை முடிந்து நீர் நிரப்பும்போது வால்வு திறந்திருக்க வேண்டும். இல்லையேல் வெப்பமூட்டியினுள் காற்று சிக்கிக்கொள்ளும். அதனால், பழுது பார்த்த பின்னும் முன்போலவே குளிர்ந்த காற்று வரும். பலர் மனம் சோர்ந்து போவது இந்த இடத்தில்தான். திரும்பும் குழாயைக் கீழ்முனையிலே கழற்றி, அம்முனையை உயர்த்திப் பிடித்து, ரேடியேற்றரை நிரப்பி, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிடுங்கள். குழாயிலிருந்து குமிழியின்றி நீர் ஒரே சீராக வந்ததும் நிறுத்திப் பூட்டுங்கள். அடுத்த நாள் காலையில், எஞ்சின் குளிர்ந்தபின், நீர்மட்டத்தை மீண்டும் பாருங்கள், சிறிது இறங்கியிருக்கும்.

காற்றுப்பக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விசிறி சுழலாவிட்டால் முதலில் உருகியையும், பின் ஆளியையும், அதன் பின் மோட்டாரின் நிலக்கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். மைனரிலே பற்றரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டது. இக்கால வண்டிகளுக்கு நேர்மாறு. இதை அறியாத மின்வேலைக்காரர் முனைகளை மாற்றிவிட்டால், நிலைக்காந்தம் உள்ள மோட்டார்கள் எதிர்ப்பக்கமாகச் சுழலும், காற்றும் மந்தமாகிவிடும். விசிறி நன்றாகச் சுழன்றும் கண்ணாடிக்குக் காற்று வராவிட்டால், பெட்டியிலிருந்து கண்ணாடி அடிக்குப் போகும் துணிக்குழல் கழன்று தொங்குகிறதா என்று முகப்புப் பலகையின் கீழே குனிந்து பாருங்கள். பல நாள் ஓடாத வண்டியாயின் எலிக்கூடும் இருக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் நீரினாற் குளிர்விக்கும் எஞ்சினைப் பற்றியது. வண்டு என்று உலகெங்கும் செல்லப்பெயர் பெற்ற பழைய வொக்ஸ்வாகன் வைத்திருப்பவர்கள் இனிமேற் சொல்வதைக் கூர்ந்து கேட்க வேண்டும். அதன் எஞ்சினுக்கு நீர் இல்லை. காற்றே அதைக் குளிர்விக்கிறது. ஆகவே, காரினுள்ளே வரும் வெப்பமும் எஞ்சினைச் சுற்றிய காற்றிலிருந்தே வர வேண்டும். 1960-களின் தொடக்கம் வரை வந்த வண்டிகளிலே உருளைகளைத் தழுவி வந்த காற்றே நேராக உள்ளே விடப்பட்டது. பின்னர், புகைக்குழாயைச் சுற்றி ஓர் உறை அமைத்து, அந்த உறைக்கும் குழாய்க்கும் இடையே தூய காற்றை ஓடவிட்டுச் சூடாக்கினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால், மூச்சுக்காற்றுக்கும் நச்சுப்புகைக்கும் இடையே நிற்பது ஒரு தகட்டுச் சுவர் மட்டுமே என்பதை மறக்கலாகாது. நாற்பது ஐம்பது வருடத்துத் துரு அந்தச் சுவரைத் துளைத்துவிட்டால், வெப்பத்தோடு காபனோரொட்சைட்டும் காரினுள் வரும்.

அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலே ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிணைந்துகொள்கிறது. மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். உடலோ ஒட்சிசன் இன்றித் தவிக்கும். முதலில் தலைவலி, பின் மயக்கம், குமட்டல், குழப்பம். மலைப்பாதையிலே இதனைக் குளிரென்றும், வளைவுகளால் வரும் தலைச்சுற்றென்றும் கருதுவது எளிது. காரில் இருந்த எல்லாருக்கும் ஒருங்கே தலைவலி வந்து, இறங்கி வெளிக்காற்றிலே நின்றதும் குறையுமாயின் வேறு ஆராய்ச்சி வேண்டாம். கண்ணாடிகளை இறக்குங்கள், வெப்பமூட்டியின் பிடியை மூடுங்கள், அந்த உறுப்பைக் கழற்றிப் பார்க்கும்வரை அதைத் திறவாதீர்கள், தலைவலி மாறாவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். துளைபட்ட உறைக்குழாயைப் பற்றவைத்து ஒட்டுப்போட்டு ஓட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஓர் இடத்தில் துளைத்த துரு அடுத்த இடத்தை மெலியச் செய்திருக்கும். புதியதே வேண்டும், கிடைக்காவிட்டால், வெப்பம் வரும் வழியை அடைத்துவிட்டுப் போர்வையோடு பயணம் செய்யலாம்.

மைனர் வைத்திருப்பவர்கள் இதிலிருந்து முற்றாகத் தப்பியவர்கள் அல்லர். அவர்களுடைய வெப்பமூட்டியிலே புகைக்கு இடமில்லை. எனினும், குழாய்களும் கம்பிகளும் எஞ்சின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் துவாரங்களிலே றப்பர் வளையங்கள் உதிர்ந்து போயிருந்தால், ஒழுகும் புகைக்குழாயின் வாயு அவ்வழியே நுழையும். முன்னர் மூடிய கொட்டகையிலே எஞ்சினை ஓடவிட வேண்டாம் என்று சொன்னதும் இந்த வாயுவை எண்ணியே. வெப்பமூட்டியில் கைவைத்த நாளிலேயே அவ்வளையங்களையும் மாற்றிவிடுங்கள்.

இனி, சமவெளியிலே வாழ்ந்து, வருடத்துக்கு ஒருமுறை மலைநாட்டுக்குப் போகும் மைனர்க்காரர்களுக்கு ஒரு சொல். வெப்பம் வேண்டாத நாட்களில் வால்வை மூடியே வையுங்கள். ஆனால், மாதம் ஒருமுறை எஞ்சின் சூடாக இருக்கும்போது, கையிலே துணியைச் சுற்றிக்கொண்டு அதைத் திறந்து, பத்து நிமிடம் நீரை ஓடவிட்டு மீண்டும் மூடுங்கள். வால்வும் இறுகாது, உள்ளிருக்கும் நீரும் நின்று கெடாது. சித்திரை விடுமுறைக்கு நுவரெலியா போகிறவர்கள் கம்பளையிலே தேநீருக்கு நிற்கும்போதே அதைத் திறந்துவிடுவது நல்லது. இறம்பொடைக்கு மேலே, மூடுபனிக்குள், வீதியோரத்தில் பொனற்றைத் தூக்கிக்கொண்டு நிற்பதற்கு இடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை.